ஆகாயத்தில் போன பங்கு

பவளத்துக்கு ஒரு காரியத்தை முடிவு பண்ணியபிறகு யோசனை கேட்கிற வழக்கம் கிடையாது. முடிவு பண்ணுவதற்கு முன்னால் கேட்டதையும் யாரும் பார்த்ததில்லை. அதனால் அவள் கோயில் வாசலில் நின்று, "எம் புள்ள பங்க நானே டில்லிக்கு எடுத்துக்கினு போறேன், ஏரோப்ளேன்ல" என்று சொன்னபோது கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் உருண்டு புரண்டு சிரித்திருப்பார்கள்.

சீனாக்காரனோடு நடந்த சண்டை ஓய்ந்த மறுவருஷம் அது. உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்தால் வருகிற சின்ன ஊர். ஆடி மாசம் அங்கே எல்லையம்மனுக்குக் கெடா வெட்டி, பவளத்தின் பங்காளி வகையறாவுக்குள் பங்கு போடுவார்கள். பூசாரி முனிரத்தினம் ஒவ்வொரு குடும்பத் தலைவன் பேரையும் உரக்கக் கூப்பிடுவார். பேருக்குரியவன், இருக்கிறேன் என்பதை அந்த ஊர்ப் பேச்சில் "கீறேன்" என்று குரல் கொடுத்து, முன்னால் வந்து இலையில் வாங்கிக்கொள்வான். கறி என்று பார்த்தால் ஒரு கை அளவுதான், பூனைக்குக்கூடக் காணாது. ஆனால் அந்தக் கூப்பிடுதலில் பேர் இருந்தால்தான் அவன் வகையறாவில் ஒருத்தன். கல்யாணத்தில் அவனுக்கு வெற்றிலை நீட்டுவதும், அவன் செத்தால் நாலு பேர் தோள் கொடுப்பதும் அந்தப் பேரை வைத்துத்தான்.

வாங்கின கறிக்கும் சட்டம் உண்டு. பச்சையாகவே வீடு போய்ச் சேரவேண்டும். வழியில் உப்பு படக்கூடாது. பேருக்குரியவன் வீட்டு அடுப்பில் ஏறின பிறகுதான் உப்பு போடவேண்டும், அந்த வீட்டில்தான் தின்னவேண்டும். ஏன் அப்படி என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. மூன்று வருஷம் தொடர்ந்து ஒருவன் பங்கு தின்னாமல் போனால் பேரை எடுத்துவிடுவார்கள்.

பவளத்தின் புருஷன் போனபிறகு மகன் சின்னராசு பேரில் பங்கு வந்தது. சின்னராசு மீனம்பாக்கத்தில் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, ஏர்லைன்ஸ் கம்பெனியில் டில்லிக்குப் போய், அங்கேயே ஒரு வடக்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு ஆடிக்கு அவன் வரவில்லை. லீவு கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினான். இது மூன்றாவது ஆடி. இந்த வருஷமும் லீவு இல்லை என்றே எழுதியிருந்தான்.

"அண்ணி, சட்டம்னா சட்டம்தான்" என்றான் தாமோதரன். பவளத்தின் கொழுந்தன், வகையறாவுக்கு இப்போது அவன்தான் பெரியவன். "ஆள் இங்க இல்ல, அடுப்பு டில்லில கீது. கெடா வெட்டன்னிக்கு எல்லையம்மா முன்னால பேரை எடுத்துடறோம்."

"அடுப்பு டில்லில கீதுன்னா பங்கு டில்லிக்குப் போவும். தூரம் இவ்ளோதான்னு சட்டத்துல எங்கயாவது கீதா?"

முனிரத்தினம் தாடையைச் சொறிந்துகொண்டு இல்லை என்றார்.

"ரயில்ல ரெண்டு நாள் ஆவுமே, நாறிப்பூடும்" என்றான் தாமோதரன். "உப்புக்கண்டம் போட்டுக்கூட எடுத்துக்கினு போவ முடியாது."

"ரயில்ல யாரு போறா? எம் புள்ள கம்பெனில தாய்க்குன்னு பாஸ் குடுக்கறாங்கோ. அது பொட்டில சும்மா தூங்கிக்கினு கீது."

கடல் மீன் ஐஸில் புதைந்து காஞ்சிபுரம் சந்தைக்கு வருவதைப் பவளம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மீனுக்கு ஆவது கெடாவுக்கு ஆகாதா? அவ்வளவுதான் அவள் யோசனை. அந்தப் பாஸில் போக டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லி மகனுக்குத் தந்தி போயிற்று. என்ன கொண்டுவருகிறேன் என்று தந்தியில் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கெடா வெட்டன்று சின்னராசு பேரைக் கூப்பிட்டபோது அவளே குரல் கொடுத்து வாங்கினாள். ஒரு கை கறி, ஒரு நெஞ்செலும்பு, ஈரலில் ஒரு துண்டு. வாழையிலையில் இறுக்கிக் கட்டிப் பித்தளைத் தூக்கில் வைத்து, ஒரு தோளில் கம்பளியும் மறு தோளில் உமி மூட்டையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நெல் விளைகிற வீட்டில் உமிக்கா பஞ்சம்.

காஞ்சிபுரத்து ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி பஞ்சாட்சரம் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டுக் கண்ணை அகல விரித்தாரே தவிர முடியாது என்று சொல்லவில்லை. உள்ளே பலகை போட்டு மூடின பெரிய தொட்டி. தொட்டித் தண்ணீரில் வரிசையாகத் தகரக் கேன்கள் முங்கியிருந்தன. கேன்களுக்குள் இருக்கிற தண்ணீர்தான் கட்டியாகிறது, சுற்றி இருக்கிற தண்ணீர் கட்டியாவதில்லை.

"குடும்மா, தூக்கைக் கயித்துல கட்டித் தொட்டில விட்டுடறேன். காலைல கல்லாட்டம் ஆயிடும்."

அவர் தூக்கை இறக்கப்போன சமயம், பவளத்தின் கை பலகை ஓரத்தில் நனைந்தது. நனைந்த கையை முந்தானையில் துடைக்காமல் நாக்கில் வைத்துப் பார்த்தாள். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற புத்தி அவளுக்கு, விதைநெல்லைக்கூடக் கடித்துத்தான் வாங்குவாள்.

"ஐயோ, எடுய்யா! இது உப்புத் தண்ணி!"

"உப்புத் தண்ணிதாம்மா. உப்பு போட்டாத்தான் தொட்டி உறையாது, கேன் உறையும்."

தூக்கின் மூடி ஒன்றும் அவ்வளவு இறுக்கமில்லை. ஒரு சொட்டு உள்ளே போயிருந்தால் பங்கும் போச்சு, பேரும் போச்சு. தூக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். உள்ளே இலை நனையாமல் இருந்தது. எல்லையம்மா என்று ஒரு மூச்சு விட்டாள்.

"கேனுக்குள்ள இன்னா தண்ணி?"

"நல்ல தண்ணி. கெணத்துத் தண்ணி."

"அப்ப கறிய கேன்ல போடு. தூக்கு வேணாம். மூழ்கற அளவுக்கு மட்டும் தண்ணி வுடு."

இரவு அந்தக் கம்பெனித் தாழ்வாரத்திலேயே சுருண்டு படுத்தாள். விடிந்ததும் பஞ்சாட்சரம் கேனைக் கவிழ்த்தார். கண்ணாடி மாதிரி ஒரு கட்டி, அதன் நடுவில் பச்சை இலைப் பொட்டலம். வேலைக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருத்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கட்டியைச் சாக்கில் சுற்றித் தாம்பரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். காலடியில் ஒழுகிய தண்ணீரைப் பார்த்துக் கண்டக்டர் முணுமுணுத்தான். "வெறும் தண்ணிதான் நைனா, தரை கழுவினா மாதிரி ஆச்சு" என்று அவனை அடக்கினாள்.

மீனம்பாக்கத்தில் அடக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஆபீசர் சொட்டுகிற சாக்கைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், மறுபடி சாக்கைப் பார்த்தார்.

"அம்மா, இதை ஏத்த முடியாது. தண்ணி சொட்டினா மத்தவங்க பெட்டியெல்லாம் நனையும். கீழே மெஷின் இருக்கு."

"சொட்டறதுதான் தப்பா, இல்ல கறியே தப்பா?"

"கறியா?" அவர் கொஞ்சம் பின்வாங்கினார். பிறகு யோசித்து, "கறி எடுத்துப் போகக்கூடாதுன்னு இல்ல. நாத்தம் வரக்கூடாது, சொட்டக்கூடாது" என்றார்.

"சொட்டாது. ஒரு வெத்தல போடற நேரம் குடு."

வெளியே மர நிழலில் உட்கார்ந்து, ஒரு கருங்கல்லைப் பொறுக்கி ஐஸை நாலு பக்கமும் தட்டினாள். தேங்காய் உடைக்கத் தெரிந்த கைக்கு இது என்ன பெரிய வேலை. பொட்டலத்தைச் சுற்றி விரல் கனத்துக்கு ஐஸை விட்டுவிட்டு மிச்சத்தை உதிர்த்தாள். அதைத் தூக்கில் வைத்து மூடியைத் துணியால் கட்டினாள். இனி எவ்வளவு உருகினாலும் தூக்குக்குள்ளேயே கிடக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ந்த உமியைத் தூக்கைச் சுற்றிலும் அடைத்து, மேலே கம்பளியைச் சுற்றி முடிந்தாள். ஆபீசர் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கீழே விழுந்தது நாலு உமி மட்டும்தான். "போயிட்டு வாங்க" என்று அவரே கதவு வரைக்கும் வந்து வழிகாட்டினார்.

ஏரோப்ளேனில் அவள் பயந்தாள் என்று எழுதினால் அது பொய். கிளம்பும்போது ஒரு தடவை கண்ணை மூடினாள், அதுவும் எல்லையம்மனைக் கும்பிட. மேலே போனபிறகு ஜன்னலில் எட்டிப் பார்த்து, இத்தனை ஏரி காய்ந்து கிடக்கிறதே என்று கவலைப்பட்டாள். மூட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஐதராபாத்தில் இறங்கி ஏறினபோதும் இடுப்பில்தான் இருந்தது. கம்பளியையும் தாண்டிக் குளிர் ஏறித் தொடை மரத்துப்போயிற்று. மரத்துப்போனது நல்ல சகுனம், உள்ளே கல்லாகவே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

டில்லியில் சின்னராசு வந்து காலில் விழுந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பிம்லா. நெடுநெடுவென்று, தலையில் துப்பட்டாவோடு, ஆறு மாசத்து வயிற்றோடு. அவளும் குனிந்து காலைத் தொட்டாள். பவளத்துக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, ஆனால் அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை.

குவார்ட்டர்ஸுக்குப் போய் மூட்டையைப் பிரித்து, தூக்கைத் திறந்தாள். பொட்டலம் இன்னும் ஓரத்தில் ஐஸ் ஒட்டிக்கொண்டு கெட்டியாக இருந்தது. "இன்னா பாக்கற? எல்லையம்மா பங்கு. ஆகாயத்துல வந்துது. அடுப்ப மூட்டச் சொல்லு."

சின்னராசு முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அது கறுத்துப்போயிற்று.

"எனக்கு வேணாம்மா."

"இன்னா சொல்ற?"

"லீவு இல்லன்னு நான் எழுதுனதெல்லாம் பொய். கேட்டா குடுப்பாங்கோ. கல்யாணம் ஆனதும் சித்தப்பனுக்கு எழுதினேன், இவள கூட்டிக்கினு வரேன்னு. அவரு இன்னா எழுதுனாரு தெரியுமா? நீ வா, அவ கோயில் எல்லைக் கல்லுக்கு வெளிய வண்டில உக்காந்துக்கினு இருக்கட்டும், ஊரு பேரு தெரியாதவளாச்சேன்னு. எம் பொண்டாட்டிய வெளிய நிக்க வச்சுட்டு உள்ள போய் நான் இன்னாத்த துன்றது? எம் பேர எடுத்தா எடுத்துக்கினு போவட்டும்."

பவளம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாமோதரன் இதை அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகனும் சொன்னதில்லை. பஸ்ஸில், ஐஸ் கம்பெனியில், ஆகாயத்தில் எங்கேயும் ஆட்டம் காணாத மனசு இங்கே ஆடிற்று. பிள்ளையின் ரோசம் சரிதான். ஆனால் பேர் போய்விட்டால், நாளைக்கு அவள் செத்தால்கூட இவன் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்க யார் வருவார்கள்? இரண்டையும் எடுத்து எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அழுகை வந்தது. தூக்கில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

பிம்லா புருஷனிடம் இந்தியில் என்னவோ கேட்டாள். அவன் சுருக்கமாகச் சொன்னான். அவள் விடவில்லை, மேலே மேலே கேட்டாள். அவன் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். பேர் கூப்பிடுகிற இடம் வந்தபோது அவள் முகம் மாறிற்று.

"இன்னாடா கேக்கறா?"

"பேரை நெஜமா சத்தம் போட்டுக் கூப்புடுவாங்களான்னு கேக்கறா." சின்னராசு குரல் தணிந்தது. "அவ ஊரு இப்ப பாகிஸ்தான்ல கீதும்மா. சின்னப் பொண்ணா கீறப்ப ராவோட ராவா ஓடியாந்தாங்கோ. அங்க இப்ப அவங்க பேரு தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லியாம். பேரு சொல்லிக் கூப்புட ஒரு ஊரு கீது, அத வேணாம்னு சொல்றியேன்னு என்னத் திட்டறா."

பிம்லா அதற்குள் எழுந்துவிட்டாள். வாசலில் கரியடுப்பை மூட்டினாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது யாரும் சொல்லிக் கொடுக்காதது. பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து சைகையால் காட்டினாள்: இப்போது வேண்டாம், கொதிக்கட்டும், இப்போது உப்பு. பிம்லா உப்பைப் போட்டாள். வெந்ததும் மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் தின்றார்கள். சின்னராசு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், கை வைக்கவில்லை. தாய்க்குத் தப்பாமல் பிறந்தவன்.

ஊர் திரும்பினதும் தாமோதரன் கோயில் முன்னால் கூட்டம் கூட்டினான். "அண்ணி, அம்மா மேல கைய வச்சு சொல்லு. சின்னராசு துன்னானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். டில்லிக்குப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? பவளம் பீடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அவன் துன்னல. அவன் பொண்டாட்டி துன்னா, கூட நானும் துன்னேன்."

"அவ்ளோதான். பேரை எடுங்க."

"எடு. அவனுக்கு வேணாமாம், நீ எழுதின கடுதாசில ரோசம் வந்துடுச்சு அவனுக்கு." கூட்டம் தாமோதரனைத் திரும்பிப் பார்த்தது. "ஆனா பங்கு போய்ச் சேந்துது. உப்பு படாம போய்ச் சேந்துது. அடுப்பு மூட்டுனது அவ, உப்பு போட்டது அவ, துன்னது அவ. அப்ப அவ பேரைப் போடு."

"பொம்பள பேரையா? அதுவும் ஊரு பேரு தெரியாதவ பேரையா?"

"உன் வூட்ல அடுப்பு மூட்டறது யாரு, நீயா?"

தாமோதரனின் பெண்டாட்டி ராணியம்மாள் பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தாள். புருஷன் முன்னால் வாய் திறக்காதவள். "அக்கா சொல்றது ஞாயம்தான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. தாமோதரன் முறைத்தான். அவள் தலை குனியவில்லை.

முனிரத்தினம் பீடத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். "சட்டத்துல அடுப்பு கீது, உப்பு கீது, துன்ற வாயி கீது. ஆம்பள வாயின்னு இல்ல" என்றார். "ஆனா நானா சொல்லமாட்டேன். அம்மா வாயில எந்தப் பேரு வருதோ, அத ஆடில கூப்புடறேன்."

அந்த ஒரு வருஷமும் பவளம் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நாற்று விட்டாள், அறுத்தாள், டில்லியில் பேத்தி பிறந்த சேதி வந்ததும் ஊருக்குச் சர்க்கரை கொடுத்தாள். ஆடிக்கு வரச்சொல்லி எழுதினாள். கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மறு ஆடியில் கெடா விழுந்தது. இலைகள் வரிசையாகப் பரப்பியாயிற்று. முனிரத்தினம் பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். தாமோதரன் வாங்கினான். அவனுக்கடுத்து எப்போதும் சின்னராசு பேர். பூசாரி அதைக் கூப்பிடாமல் அடுத்த பேருக்குப் போனார். பவளம் மிச்சமிருந்த இலைகளை எண்ணினாள். ஒவ்வொரு பேராக ஆகிக்கொண்டே வந்து, கடைசி இலை மட்டும் மிஞ்சிற்று. முனிரத்தினம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டார்.

"பிம்லா பங்கு!"

பவளம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம், மாட்டுவண்டி நிற்கிற இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீறேன்!"

டில்லியிலிருந்து வழிநெடுகச் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை. அந்த ஊரில் பிறந்தவர்களைவிட உரக்கச் சொன்னாள் பிம்லா. குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கி, கல்லைத் தாண்டி உள்ளே நடந்தாள். பேர் கூப்பிட்ட ஆளை யாரும் தடுக்கக்கூடாது என்பதும் சட்டம்தான். தாமோதரன் ஒரு அடி விலகி வழி விட்டான்.

கூப்பிடப் பேரில்லாத சின்னராசு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லுக்கு வெளியே வண்டிப்பக்கமே நின்றான். அவன் அழுததை வண்டிமாடு இரண்டும் பார்த்தன. பிம்லா முந்தானையை விரித்து இலையை வாங்கிக்கொண்டு, எங்கே போவதென்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பவளம் அவள் கையைப் பிடித்து, "வா, உன் வூட்ல அடுப்பு காலியாத்தான் கீது" என்று கூட்டிக்கொண்டு போனாள்.